வீட்டுக்காரர் முதலில் போகட்டும்

1. முதல் நாள்

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே என்னைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாதது என் முதலாளியின் நல்ல மனசு.

அங் மோ கியோவில் ஒரு சீனத் தம்பதி புது வீட்டுக்குக் குடிவந்தார்கள். எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. உயர்நிலை இரண்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியவன். படிப்பு இல்லாத குறையை உழைப்பில் காட்டிவிட வேண்டும் என்ற பதற்றம் எப்போதும் உண்டு. சுருட்டிக் கட்டிய மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டை விட்டு வெளியே வந்தேன். கதவு திறந்திருந்தது. நேரே உள்ளே போய் ஹாலின் நடுவில் இறக்கி வைத்துவிட்டு, அடுத்து எதைத் தூக்கட்டும் என்று திரும்பினேன்.

வாசலில் அந்த அம்மா சிவப்புத் தாள் ஒட்டிய அரிசி வாளியைப் பிடித்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் கணவர், கையில் ஓர் அன்னாசிப் பழத்தோடு. இரண்டு பேரும் என் காலையே பார்த்தார்கள். நல்ல நேரம் பார்த்து, அரிசியோடு அவர்கள் முதலில் நுழைந்து, அன்னாசியை உள்ளே உருட்டிவிட வேண்டும். அதற்காகத்தான் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். இத்தனை வருஷம் சம்பாதித்து வாங்கிய வீட்டில் முதல் காலை நான் வைத்துவிட்டேன், அதுவும் சேற்றுச் செருப்போடு.

முதலாளியை நாங்கள் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். சீனர். தமிழர்கள் நிறைந்த தேக்கா பக்கம் பிறந்து வளர்ந்தவர் என்பதால் மலாயும் அரைகுறைத் தமிழும் கலந்து எங்களோடு பேசுவார். அவர் என்னையும் மெத்தையையும் வெளியே இழுத்தார். தரையைத் தன் துண்டாலேயே துடைத்தார். அந்தத் தம்பதியிடம் பலமுறை குனிந்து மன்னிப்புக் கேட்டார். மத்தியானம் லாரி நிற்கும் லோடிங் பேயில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் என்னிடம் வாயைத் திறந்தார்.

"கையில பியானோ இருந்தாலும் வாசல்ல நில்லு. கை ஒடிஞ்சா ஒடியட்டும் லா. வீட்டுக்காரன் முதல்ல போகட்டும்."

நாளைக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

"வராம? மெத்தையை யாரு தூக்குவா, உங்க தாத்தாவா?"

அன்று முதல் எந்த வீட்டு வாசலிலும் நான் நின்றுவிடுவேன். சீனர்கள் அரிசியோடு போவார்கள். நம்மவர்கள் சாமி படம், உப்பு, மஞ்சள், பால் பானையோடு போவார்கள். மலாய்க்காரர்கள் ஓதிவிட்டு வலது காலை எடுத்து வைப்பார்கள். கையில் என்ன இருக்கிறது என்பதுதான் வேறு, அந்த முதல் கால் எல்லோருக்கும் ஒன்றுதான். நான் பாரத்தோடு பின்னால் நிற்பதால் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். பஸ் ஓட்டுநர், தாதி, பள்ளிக் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் விற்றவர் என்று எத்தனையோ முதுகுகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போகும் அந்த நேரத்தில் எல்லா முதுகும் கொஞ்சம் நிமிரும்.

எல்லாம் என்னைப் போலச் சம்பாதிக்கிற மனிதர்கள்தான். ஆனாலும் அவர்கள் வேறு சாதி மனிதர்கள் என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு வாங்குகிறவர்கள் ஒரு சாதி, வீட்டுக்குச் சாமான் தூக்குகிறவர்கள் இன்னொரு சாதி.

2. எங்கள் வீட்டு அட்டைப் பெட்டிகள்

நானும் என் மனைவி கோமதியும் அரசாங்க வாடகை வீட்டில் இருந்தோம். ஒரே அறை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கோமதி தேக்கா சென்டரின் மாடியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள்.

கல்யாணமான புதிதில் வீடு வாங்கலாம் என்று அவள் சொன்னாள். சம்பளம் நிரந்தரமாகட்டும் என்றேன். நிரந்தரமானதும், விலை இறங்கட்டும் என்றேன். அது இறங்கவில்லை. பஸ் ஸ்டாப்பை நெருங்கும்போதெல்லாம் பஸ் கிளம்பிவிடுவதைப் போல, நாங்கள் கொஞ்சம் சேர்த்ததும் விலை கொஞ்சம் நகர்ந்துவிடும். அது ஓரளவு உண்மை. மிச்சம் என் பயம். கடன் வாங்கிய மறுநாளே எனக்குக் கை கால் விழுந்துவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

வாடகை வீட்டிலும் நிம்மதி கிடையாது. காலி பண்ணச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? யாரும் சொன்னதில்லை, சொல்லும்படி நாங்கள் நடந்துகொண்டதும் இல்லை. ஆனால் கம்பெனியில் நல்ல அட்டைப் பெட்டி சும்மா கிடைக்கும். ஆகவே அடிக்கடி தேவைப்படாத சாமான் எதையும் நான் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவிடவில்லை. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேல், கதவுக்குப் பின்னால் எல்லாம் பெட்டிகள். டேப் ஒட்டி, மேலே மார்க்கரில் எழுதி, கனமானது கீழே, லேசானது மேலே என்று தொழில் முறைப்படி அடுக்கியிருந்தேன். சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகேசன் வீட்டுக்கு வந்தான். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை, அங்கேயே தொழிலாளர் டார்மிட்டரியில் தங்கல். ஞாயிறானால் தேக்காவுக்கு வருவான். பேன்ட்டைச் சுருக்கித் தரச் சொல்லி கோமதியின் கடைக்கு வந்து, அவளை அக்கா என்று கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டான். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். அங்கே அனுப்புவதற்குக் குழாய், ஸ்விட்ச், விளக்கு என்று வாங்கி வைத்திருந்தான். பேக் பண்ண இரண்டு பெட்டி வேண்டும் என்றுதான் அன்று வந்தான்.

உள்ளே நுழைந்தவன் சுற்றிலும் பார்த்தான்.

"அண்ணே, எப்ப காலி பண்றீங்க? சொன்னா ஞாயித்துக்கிழமை நானும் வந்து தூக்குவேன்ல."

கோமதி காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்.

"இருபது வருஷமா காலி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம் தம்பி. உங்க அண்ணனுக்கு இன்னும் லாரிதான் வரலை."

முருகேசன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

3. காதர் பாய் வீட்டு சர்வே

வீடு மாற்றுவதற்கு முன்னால் எங்கள் ஆள் ஒருவர் போய்ச் சாமான்களைப் பார்ப்பார். எத்தனை லாரி, எத்தனை பேர், எந்த அலமாரியைக் கழற்ற வேண்டும், லிஃப்டில் போகுமா, இதையெல்லாம் கணித்து விலை சொல்ல வேண்டும். அதற்கு சர்வே என்று பெயர். ஒரு தடவை சர்வேக்குப் போகிறவர் லீவு. தவுக்கே என்னை அனுப்பினார்.

வாம்போவில் ஒரு பழைய புளோக், நாலாவது மாடி, மூவறை வீடு. வீட்டுக்காரர் காதர் பாய், தேக்கா பக்கம் மசாலாக் கடை வைத்திருந்து மூடியவர். மனைவி இறந்த பிறகு உட்லண்ட்ஸில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். வீடு இன்னும் விற்கவில்லை, விலை மட்டும் தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டார்.

நான் டேப்பை இழுத்து அளந்தேன். அளந்துகொண்டே போனவன் எங்கள் கட்டில் இந்த அறையில் நிற்குமா என்று யோசித்துக்கொண்டிருந்ததை நானே பிறகுதான் கவனித்தேன். கோமதியின் தையல் மிஷினுக்கு ஜன்னலோரம் இடம் இருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, என்ன விலை எதிர்பார்க்கிறீர்கள் பாய் என்று கேட்டேன்.

"யாருக்கு தம்பி, உங்க தவுக்கேக்கா?"

"எனக்குத்தான் பாய்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை மறுபடியும் பார்த்தார். "அப்ப உக்காருங்க. நிக்கறவருகிட்ட வீட்டு விலை பேசக்கூடாது."

அடுத்த வாரம் கோமதியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். நான் குளியலறைக் கதவில் துரு, கூரையில் ஒரு விரிசல், லிஃப்ட் சின்னது, பெரிய சோபா ஏறாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"நீங்க வீடு வாங்க வந்தீங்களா, லாரி ஏத்த வந்தீங்களா?" என்றாள்.

பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு இன்னொரு பயம் மிச்சம் இருந்தது. பழைய வீடு. வாங்கினாலும் இங்கே தொண்ணூற்றொன்பது வருஷ லீஸ்தான், அது முடிந்துவிட்டால்?

"லீஸ் முடியறப்ப உங்களுக்கு நூறு வயசு தாண்டியிருக்கும் தம்பி. அப்பவும் பீரோ தூக்கத்தான் போறீங்களா?"

ஹால் சுவரில் மக்கா படம் ஒன்று தொங்கியது. போகும்போது படத்தை எடுத்துக்கொள்வேன், ஆணியை விட்டுவிட்டுப் போகிறேன் என்றார். அந்த ஆணி அவர் கையாலேயே அடித்ததாம். இத்தனை வருஷத்தில் ஆடியதே இல்லையாம். கோமதி பக்கத்தில் போய் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

4. இடுப்பு பிடித்த வாரம்

பாய் எங்களுக்கு ஆப்ஷன் கொடுத்தார். ஆப்ஷன் என்றால், குறிப்பிட்ட நாள் வரைக்கும் வேறு யாருக்கும் விற்கமாட்டேன் என்று விற்பவர் தரும் உறுதி. அந்த நாளுக்குள் நாம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். போடாவிட்டால் வீடு கைவிட்டுப் போகும். எங்களுக்குப் பிறகு ஓர் இளம் ஜோடி காத்திருந்தது, கூடுதலாகத் தரவும் தயார். பாய் அதை எங்களிடம் சொல்லவே இல்லை. வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

கடன் விசாரிக்கப் போனபோது கவுண்டரில் இருந்த பெண், எனக்குப் புரியும்வரை மூன்று தடவை விளக்கினாள். மாதா மாதம் சம்பளத்திலிருந்து பிடிக்கிறார்களே என்று இளவயதில் நான் முனகிய சேமநிதி அங்கே இருந்தது. முதல்முறை வாங்குகிறவர்களுக்கு மானியமும் உண்டு என்றாள். வயது ஐம்பதை நெருங்குவதால் கடனை நீண்ட காலத்துக்கு நீட்ட முடியாது. இரண்டு பேரும் வேலையில் இருந்தால் முடியும், ஒருவர் நின்றால் சிரமம். இதை அவள் இதமாகத்தான் சொன்னாள். என் காதில் கடைசிப் பாதி மட்டும் விழுந்தது.

அந்த வாரமே, செங்காங்கில் ஒரு சோபாவைப் படிக்கட்டுத் திருப்பத்தில் சாய்க்கும்போது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வலியைவிட, நான் பயந்தது பயந்தபடியே நடந்துவிட்டதுதான் பெரிதாக இருந்தது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். கட்டிலில் படுத்துக்கொண்டு கோமதியிடம் சொன்னேன், வேண்டாம், பாயிடம் சொல்லிவிடலாம், நம்மைப் போன்றவர்களுக்கு இது எட்டாது என்று.

அவள் சண்டை போடவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த பெட்டிகளில் அடியில் கிடந்ததை இழுத்து, டேப்பைக் கிழித்தாள். உள்ளே எங்கள் கல்யாணத்துக்கு அவள் அண்ணன் வாங்கித் தந்த சுவர்க் கடிகாரம். சுற்றியிருந்த தாளைக்கூட யாரும் பிரித்ததில்லை. பிரித்து, துடைத்து, என் காலடியில் கட்டிலின் மேல் வைத்தாள்.

"இதுக்கு ஒரு ஆணி போதும்ங்க. நான் வேற எதுவும் கேக்கலை."

நான் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் தவுக்கே ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். உட்கார இடமில்லாமல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அது எங்கள் கம்பெனிப் பெட்டிதான் என்பதைக் கவனித்தார், கேட்கவில்லை. கட்டிலில் கிடந்த கடிகாரத்தைப் பற்றிக் கேட்டார். கோமதி வீட்டு விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டாள். நான் ஒருவன் அங்கே படுத்திருப்பதாகவே இருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். சர்வே பார்க்கிற ஆள் வேறு கம்பெனிக்குப் போகிறானாம். இனி அந்த வேலை எனக்கு, தூக்குகிற வேலை வேண்டாம் என்றார். எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது, சர்வேக்கு விலை எழுதித் தர வேண்டுமே என்றேன்.

"எழுத என் மக இருக்கா. நீ போய்ப் பயப்படு. இது உடையும், அது போகாது, லிஃப்ட் பத்தாதுன்னு சொல்லு. சர்வேக்கு அதுதான் லா வேணும். உன்னை மாதிரிப் பயப்படற ஆளு எனக்குக் கிடைக்கவே மாட்டான்."

என் பயத்துக்குச் சம்பளம் கிடைக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கடைசி நாளன்று இடுப்பில் பெல்ட்டோடு போய்க் கையெழுத்துப் போட்டேன். பேனா ஆடியது. கோமதி பக்கத்தில் உட்கார்ந்து மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், மேசைதான் ஆடுகிறது என்பதைப் போல.

5. வாம்போ வாசல்

பாயின் சாமான்களை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது எங்கள் கம்பெனிதான். வீட்டை விட்டுப் போகும்போது கடைசியாக வெளியேறுவதும் வீட்டுக்காரர்தான். நாங்கள் எல்லோரும் லிஃப்ட் அருகில் நின்றோம். பாய் வெறும் ஹாலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தார். நல்லா இருங்க தம்பி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனார்.

சாவி கைக்கு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் முறை. தவுக்கே லாரியைச் சும்மா தந்தார். தானும் வந்தார். முருகேசன் துவாஸிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்துவிட்டான். பாரம் தூக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. பழக்கம் விடவில்லை, லேசான பெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு லிஃப்டை விட்டு வெளியே வந்தேன். கதவு திறந்திருந்தது. வாசலுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி, சுவரோடு முதுகை ஒட்டி நின்றேன்.

எனக்குப் பின்னால் கோமதி பால் பானையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் சாமி படத்தோடு முருகேசன். அவனுக்குப் பின்னால் தவுக்கே, கையில் ஓர் அன்னாசிப் பழம். யாரும் நகரவில்லை. யாருக்காக நிற்கிறோம் என்றுதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்காரன் எங்க?" என்றார் தவுக்கே, முகத்தை மாற்றாமல்.

முருகேசன்தான் முதலில் சிரித்தான். கோமதி என் தோளிலிருந்த பெட்டியை இறக்கிக் கீழே வைத்தாள். "வாங்க, ரெண்டு பேரும் போவோம்" என்றாள். உள்ளே போனோம். தவுக்கே அன்னாசியை உருட்டிவிட்டார். அது சமையலறை வரைக்கும் ஓடியது. நாங்கள் சீனர் இல்லையே என்று கேட்டதற்கு, பழத்துக்கு அது தெரியாது என்றார்.

பால் பொங்கிய பிறகு கோமதி எல்லாப் பெட்டிகளையும் பிரித்தாள். தட்டையாக மடித்துக் கட்டி, லாரியிலேயே திருப்பி அனுப்பச் சொன்னாள். இரண்டையாவது வைத்துக்கொள்ளலாம், எதற்கும் உதவும் என்றேன். ஒன்றுகூட இருக்கக்கூடாது என்றாள். கடிகாரம் பாய் விட்டுப்போன ஆணியில் ஏறியது.

6. லாரியில் கேட்கும் கேள்வி

இப்போது கம்பெனியில் சேரும் இளையவர்கள் லாரியில் போகும்போது கேட்கிறார்கள், நம்மைப் போன்ற ஆளால் வீடு வாங்க முடியுமா என்று. முடியும் என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வராது. புது வீடு, பெரிய வீடு, ரயிலடி வீடு என்றால் எனக்குத் தெரியாது. பழையதாக, சின்னதாக, இரண்டு பேர் உழைப்பில் என்றால் நான் வாங்கியிருக்கிறேன். என் கையால் மட்டும் வாங்கவில்லை. சேமநிதி பிடித்தது, மானியம் வந்தது, பாய் பொறுத்தார், தவுக்கே தூக்குகிறவனை சர்வே பார்க்கிறவனாக்கினார். இதில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் நான் இன்னும் பெட்டிகளோடு இருந்திருப்பேன். அப்படி விட்டுப்போனவர்கள் எங்கள் பழைய புளோக்கில் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாக உழைப்பவர்கள். ஆகவே நான் சாமர்த்தியம் பேசுவதில்லை. பயந்துகொண்டே போய் விசாரியுங்கள், பயத்தால் விசாரிக்காமல் இருந்துவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

இன்னொன்றும் எனக்குப் புரிந்தது, அது முருகேசனால்.

சில மாதம் கழித்து ஊரில் அவன் வீடு முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்கு லீவு கிடைக்கவில்லை. நல்ல வேளையாக அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. டார்மில் ஓர் அறைக்கு அத்தனை பேர், எங்கே உட்கார்ந்து போனில் பார்ப்பது என்றான். நம் வீடு எதற்கு இருக்கிறது என்றாள் கோமதி. அந்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

முருகேசன் குளித்து, வேட்டி கட்டி, எங்கள் ஹாலில் நின்றான். போனில் அவன் வீட்டு வாசல் தெரிந்தது. மாவிலைத் தோரணம், கூட்டம், மேளச் சத்தம். ஐயர் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். அவன் மனைவி வாசலில் நின்றுவிட்டாள்.

"இருங்க. அவங்க முதல்ல போகட்டும்" என்றாள்.

போனை இரண்டு கையாலும் பிடித்து, அவன் முகம் உள்ளே பார்க்கும்படி திருப்பி, கையை நீட்டி நிலைப்படிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனாள். திரையில் வெறும் சுவரும், வெள்ளையடித்த கூரையும், அவன் இங்கிருந்து வாங்கி அனுப்பிய விளக்கும் வந்தன.

நான் பழக்கப்படி பின்னால் நின்றிருந்தேன். முருகேசனின் முதுகு நிமிர்ந்தது. எங்கள் வாம்போ வீட்டுத் தரையில், அவனுக்கே தெரியாமல், அவன் வலது காலை எடுத்து வைத்தான்.